நீட் முடிவும் தலையெழுத்தும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய நம் பக்கத்து ஊர்களில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒருவித இழவுக் களை வந்து உட்கார்ந்து கொள்ளுகின்றது. அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. யாருக்கும் வியாதியும் இல்லை. வைத்தியப் படிப்புக்கான நீட் பரீட்சையின் முடிவு வந்திருக்கின்றது, பிள்ளைக்கு இடம் கிடைக்கும் அளவுக்கு மார்க்கு வரவில்லை, அவ்வளவுதான் சங்கதி. இதற்காகத் தகப்பன் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கின்றான். தாய் அடுப்பு மூட்டாமல் படுத்துக் கிடக்கின்றாள். பிள்ளையோ கதவைச் சாத்திக்கொண்டு யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லுவதில்லை. இந்தக் கஷ்டத்தைவிட நமக்கு ஆத்திரத்தை உண்டாக்குவது, துக்கம் கேட்பது போல் வந்து போகும் உற்றார் உறவினர்கள் சொல்லும் ஆறுதல்தான். "என்ன செய்வது? அவன் தலையில் எழுதினது அவ்வளவுதான்" என்கின்றார்கள்.

தோழர்களே! இந்த ஒரு வார்த்தையைத்தான் இன்று சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்று நினைக்கின்றோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025ஆம் வருஷம் இந்தியா முழுவதும் இந்தப் பரீட்சையை எழுதினவர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர். இந்தியா முழுவதிலும் இருக்கும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துச் சொச்சம். அதிலும் சர்க்கார் கல்லூரிகளில் உள்ளது ஏறக்குறையப் பாதிதான். ஆகவே, 22 லட்சம் பேரும் இராப்பகலாகப் படித்து, 22 லட்சம் பேரும் ஒருவரைப் போலவே ஒருவர் புத்திசாலிகளாக இருந்து, 22 லட்சம் பேரும் ஒரு கேள்விகூட விடாமல் சரியாக எழுதியிருந்தாலுங்கூட, 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியே நின்றுதான் தீரவேண்டும். பந்தியில் நூறு இலையைப் போட்டுவிட்டு இரண்டாயிரம் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டவன், இலை கிடைக்காமல் திரும்புகின்றவனைப் பார்த்து, "உனக்குச் சாப்பிட யோக்கியதை இல்லை" என்று சொன்னால் அவனை நாம் என்னவென்று சொல்லுவோம்? இலையை எண்ணிப் பார்க்காமல், பட்டினியாய்த் திரும்பினவனே தன் தலையில் அடித்துக்கொண்டு "என் விதி" என்று அழுதால் அவனைத்தான் என்னவென்று சொல்லுவது?

20 லட்சம் பிள்ளைகளின் ஜாதகத்திலும் ஒரே வருஷத்தில் சனி பகவான் ஒரே வீட்டில் புகுந்துகொண்டாரா என்று ஜோசியர்களைக் கேட்கின்றோம். அதுவும் போகட்டும். 2022ஆம் வருஷம் ஜனவரி மாதம் நம் திருவள்ளூர் உட்படத் தமிழ்நாட்டில் 11 ஊர்களில் புதிய சர்க்கார் வைத்தியக் கல்லூரிகள் திறக்கப்பட்டு, 1450 இடங்கள் புதிதாக உண்டாயின. அப்பொழுது 1450 பிள்ளைகளின் தலையெழுத்து மாறிற்று. பிரம்மா வந்து பழைய எழுத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாரா? இல்லையே! கொத்தனாரும் சித்தாளும் செங்கல்லை அடுக்கினார்கள், எழுத்து மாறிவிட்டது. கொத்தனார் கரண்டிக்கு மாறக்கூடிய எழுத்தை அழியாத எழுத்து என்று நம்மிடம் எத்தனை நாளைக்குத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

இனி நம் ஊர்ப் பக்கத்துக் கோயில்களின் வியாபாரத்தைப் பார்ப்போம். பாடியில் திருவலிதாயம் என்பதாக ஒரு கோயில் இருக்கின்றது. அது குருபகவானுக்குப் பரிகார ஸ்தலமாம். குரு பார்த்தால்தான் படிப்பு வருமாம். செங்கற்பட்டுப் பக்கம் செட்டிபுண்ணியத்தில் குதிரை முகத்தோடு ஒரு சாமி. அதன் முன்னால் பேனாவையும் பென்சிலையும் ஹால் டிக்கெட்டையும் வைத்து எடுத்துப்போனால் மார்க்கு வருமாம். பரீட்சைக் காலத்தில் இந்த இடங்களில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஓர் இடத்துக்கு இருபது பேர் போட்டி. இருபது பேரும் குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை போடுகின்றார்கள். குருவானவர் ஒருவனுக்கு இடம் கொடுத்தால், மற்றப் பத்தொன்பது பேரிடம் மாலையை வாங்கிக்கொண்டு ஏமாற்றியவர் ஆகின்றார். ஒருவருக்கும் கொடுக்கவில்லை, அவரவர் எழுதினபடிதான் கிடைத்தது என்றால், இருபது மாலையும் வீண். இந்த இரண்டில் எது என்று பக்தர்கள்தான் சொல்ல வேண்டும். கடலையை வேகவைத்துப் பிள்ளைக்குத் தின்னக் கொடுத்திருந்தால், விடிய விடியக் கண் விழித்துப் படிக்கும் உடம்பில் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும்.

நிற்க. இதைப் படிக்கும் தோழர்களில் சிலர், "நாங்கள் ஜோசியத்தையும் நம்புகிறதில்லை, மாலையும் போடுகிறதில்லை" என்று சொல்லிச் சிரிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அவர்களுக்குத்தான் முக்கியமாக இதை எழுதுகின்றோம். ஏனெனில் அவர்கள் பழைய சாமியை விட்டுவிட்டு ஒரு புதிய சாமியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றார்கள். அதற்குப் பெயர் ரேங்க். தகுதி, திறமை என்பது அதன் ஸ்தல புராணம். பிரம்மா தலையில் எழுதினான் என்பதை நம்பாதவர், டெல்லியில் ஒரு ஸ்தாபனம் கம்ப்யூட்டரில் அச்சடித்து அனுப்பினதைத் தம் பிள்ளையின் புத்தியின் எல்லையே அதுதான் என்று நம்புகின்றார். முன்னதைக் கண்ணால் பார்க்க முடியாது. பின்னதைப் பார்க்க முடியும் என்பதைத் தவிர, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இந்தப் புதிய சாமியின் யோக்கியதையைப் பார்க்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் ஆவடியே போதும். 2025ஆம் வருஷம் மே மாதம் 4ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பகல் 2 மணி முதல் 5 மணி வரையில் பரீட்சை. ஆவடி சி.ஆர்.பி.எப். வளாகத்திலுள்ள கேந்திரிய வித்தியாலயத்தில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது பெருமழை அடித்து மின்சாரம் நின்றுவிட்டது. 3 மணியிலிருந்து 4.15 மணி வரையில் விளக்கு இல்லை, ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் இல்லை, மழைத் தண்ணீர் உள்ளே வந்ததால் இடம் மாறி உட்கார வேண்டியதாயிற்று, இழந்த நேரத்துக்குப் பதில் நேரமும் கொடுக்கவில்லை என்று 13 பிள்ளைகள் சென்னை ஹைகோர்ட்டில் மனுப் போட்டார்கள். கேள்விகள் 180; நேரம் மூன்று மணி; அதாவது 180 நிமிஷம். கேள்விக்கு ஒரு நிமிஷம். பிள்ளைகள் சொன்னபடியானால் 75 நிமிஷம் இருட்டில் போயிற்று. 75 கேள்விக்குள்ள நேரம். ஒரு கேள்விக்கு 4 மார்க்கு. அவசரத்தில் தப்பாக எழுதினால் உள்ளதிலும் 1 மார்க்கு போகும்.

ஹைகோர்ட்டார் மே மாதத்தில் முடிவை வெளியிட இடைக்காலத் தடை போட்டார்கள். பிறகு ஜூன் மாதம் 6ஆம் தேதி, மறுபரீட்சை வைத்தால் மற்ற இலட்சக்கணக்கான பேருடைய சம போட்டிக்குப் பங்கம் வரும் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதே நாளில் அதே மாதிரி மழையும் இருட்டும் இந்தூரிலும் நேர்ந்தது. அங்கே ஹைகோர்ட்டில் ஒரு நீதிபதி, வழக்குப் போட்டவர்களுக்கு மறுபரீட்சை வைக்க வேண்டும் என்றார். ஜூலையில் இரண்டு நீதிபதிகள் கூடி, வைக்க வேண்டாம் என்று அதை ரத்துச் செய்தார்கள். எது நியாயம் என்று கோர்ட்டாரோடு விவகாரம் செய்ய நாம் இதை எழுதவில்லை. 22 லட்சம் பேருக்கு ஒரே நாளில் ஒரே பரீட்சை என்று வைத்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள நேரும். நாம் சொல்லுவதெல்லாம், அன்று ஆவடியில் மின்கம்பியில் ஏற்பட்ட கோளாறைப் பிள்ளையின் மூளைக் கோளாறு என்று எந்தத் தகப்பனாவது எண்ணினால் அது மகா அக்கிரமம் என்பதுதான். (இதே ஆவடியில்தான் 1955ஆம் வருஷம் ஜனவரியில் காங்கிரஸ் மகாநாடு கூடிச் சமதர்ம மாதிரிச் சமுதாயம் அமைப்பதாகத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் போட்டு 70 வருஷம் கழித்துப் பரீட்சை மண்டபத்தில் ஒரு ஜெனரேட்டர் இல்லை என்று பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது!)

2024ஆம் வருஷத்துக் கதை இன்னும் வேடிக்கையானது. அந்த வருஷம் ஜூன் 4ஆம் தேதி முடிவு வந்தபோது 720க்கு 720 வாங்கினவர்கள் 67 பேர் என்றார்கள். 1563 பேருக்குக் கருணை மார்க்கு கொடுத்ததாகத் தெரிந்து ரகளையாயிற்று. அவர்களுக்கு மறுபரீட்சை வைத்ததும் 67 என்பது 61 ஆயிற்று. பிறகு பௌதிகத்தில் ஒரு கேள்விக்கு இரண்டு விடைகளைச் சரியென்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். காரணம், பழைய பாடப்புத்தகத்தில் ஒரு விதமாகவும் புதிய புத்தகத்தில் வேறு விதமாகவும் இருந்ததுதான். சுப்ரீம் கோர்ட்டார் டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியர்களைக் கேட்டார்கள், ஒரு விடைதான் சரி என்று பதில் வந்தது. உடனே நாலு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5 மார்க்கு குறைந்தது. 61 என்பது 17 ஆயிற்று. பாட்னாவிலும் ஹஸாரிபாகிலும் கேள்வித்தாளே முன்கூட்டி வெளிவந்துவிட்டது என்பதையும் கோர்ட்டாரே ஒப்புக்கொண்டார்கள்.

அந்த நாலு லட்சம் பிள்ளைகளும் ஜூன் மாதத்தில் புத்திசாலிகளாயிருந்து ஜூலை மாதத்தில் மந்தமாகிப் போனார்களா? ஒரு பழைய புத்தகத்துக்கும் புதிய புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆயிரக்கணக்கான ரேங்க் மேலும் கீழும் புரளுமானால், அந்த ரேங்கைப் பார்த்து ஒரு பிள்ளையை மெச்சுவதற்கோ, தூஷிப்பதற்கோ என்ன இருக்கின்றது?

இவ்வளவும் போக, இந்தத் தகுதி என்பதற்குப் பணக்காரன் வீட்டில் ஒரு வாசலும் ஏழை வீட்டில் ஒரு வாசலும் இருக்கின்றன. 2025இல் பொதுப் பிரிவாருக்குத் தகுதி மார்க்கு 720க்கு 144. அதாவது நூற்றுக்கு இருபது. இந்த 144ஐத் தாண்டினவன் கையில் பணம் இருந்தால் தனியார் கல்லூரியில் மானேஜ்மெண்ட் இடத்துக்குப் போய்விடலாம். அவனைக் காட்டிலும் இருநூறு, முந்நூறு மார்க்கு அதிகம் வாங்கின பட்டறைத் தொழிலாளி மகள் வீட்டில் உட்கார்ந்து அழுகின்றாள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகின்றவர்கள் இரண்டு பக்கமும் இருக்கும் தனியார் வைத்தியக் கல்லூரிகளின் கட்டிடங்களைப் பார்த்துக்கொண்டே போகின்றார்கள். அங்கே உள்ளே போனவர்களெல்லாம் மூளையுள்ளவர்கள், வெளியே பஸ்ஸுக்கு நிற்கின்றவர்களெல்லாம் மூளையில்லாதவர்கள் என்று எந்த மடையனாவது சொல்லுவானா? மேல்பட்டப் படிப்பில் 2023ஆம் வருஷம் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று தகுதி வரம்பையே பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டார்கள். தகுதி என்பது அவர்களுக்குத் தேவையானபோது மலையாகும், தேவையில்லாதபோது தரையாகும்.

தகுதி என்னும் இந்தப் பூச்சாண்டி நமக்குப் புதிதல்ல. இந்த ராஜ்யத்தில் வகுப்புவாரி உத்தரவு இருந்த காலத்தில், 1947இல் திருத்தப்பட்டபடி, கல்லூரியில் 14 இடம் இருந்தால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட வகுப்பாருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். தகுதி கெட்டுப்போயிற்று என்று கூக்குரல் போட்டு 1950இல் கோர்ட்டுக்குப் போனார்கள். வைத்தியக் கல்லூரி இடம் எனக்கு இந்த உத்தரவால் கிடைக்காது என்று வழக்காடிய செண்பகம் துரைராசன் அம்மாள் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது பிறகு வெளியாயிற்று. ஆனாலும் உத்தரவு செல்லாது என்று 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிற்று. நாட்டில் கிளர்ச்சி நடந்து, அதே வருஷம் ஜூனில் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். விதி என்று சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தத் திருத்தம் வந்திருக்குமா? 1984இல் கொண்டு வந்த நுழைவுப் பரீட்சையை 2006இல் சட்டசபையில் சட்டம் செய்து ஒழித்தார்கள். அதன் பிறகு பத்து வருஷ காலம் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்தே நம் பிள்ளைகள் டாக்டர்களாகிக் கொண்டிருந்தார்கள். அவர்கள் வைத்தியம் பார்த்ததால் ஜனங்கள் கூண்டோடு செத்துப் போய்விடவில்லை. 2017இல் நீட் வந்தது. ஆகவே இந்த வாசல் மனிதர் வைத்தது, மனிதர் அகற்றினது, மறுபடி மனிதர் வைத்தது. இதில் தெய்வத்துக்கு வேலையே இல்லை.

நீட் வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதை நீதிபதி ஏ.கே.ராஜன் கமிட்டி 2021இல் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கின்றது. 2016-17இல் தமிழ்நாட்டில் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தவர்களில், முந்தின வருஷங்களில் பள்ளியை முடித்துவிட்டு மறுபடி முயன்று வந்தவர்கள் நூற்றுக்கு 12.47 பேர். 2020-21இல் அது நூற்றுக்கு 71.42 ஆகிவிட்டது. இதற்கு அர்த்தம் என்ன? ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ சம்பாத்தியம் இல்லாமல் பிள்ளையை வீட்டில் வைத்துச் சோறு போட்டு, டியூஷன் கம்பெனிக்கு லட்சக்கணக்கில் கொட்டக் கூடியவன் வீட்டுப் பிள்ளைதான் உள்ளே போக முடிகின்றது என்பதுதான். ஆகவே முதல் தடவையில் இடம் கிடைக்காத பிள்ளை, பெரும்பாலோருக்கு நேர்ந்ததே தனக்கும் நேர்ந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு 7.5 இடம் தனியாக ஒதுக்க 2020இல் சட்டம் செய்ததால் ஓரளவு மூச்சு விட முடிந்தது. அதுவும் மனிதர் செய்ததுதான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நடக்கும் அக்கிரமத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பையனுக்கு மார்க்கு வராவிட்டால், கடன் வாங்கியாவது "இன்னொரு வருஷம் படிக்கட்டும்" என்கின்றார்கள். பெண்ணுக்கு வராவிட்டால் அடுத்த வாரமே அத்தை வருகின்றாள். "படித்தது போதும் அண்ணே, காலா காலத்தில் ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்து விடு" என்கின்றாள். ஜோசியன் ஜாதகத்தைப் புரட்டி, படிப்பு ஸ்தானம் பழுது, ஆனால் கலியாண யோகம் பிரமாதம் என்கின்றான். அந்த ஜோசியனுக்குப் பெண் தோற்றாலும் கூலி, கலியாணம் நடந்தாலும் கூலி. பெண்ணைக் கேட்பார் யாருமில்லை. இந்த நாட்டில் முத்துலெட்சுமி அம்மையாரைப் புதுக்கோட்டைக் கல்லூரியில் சேர்க்கக்கூடாது என்று, பெண் என்பதற்காகவும் தாயாருடைய குலத்துக்காகவும் ஆட்சேபித்தார்கள். அன்றைக்கு வீட்டார் அத்தைமார் பேச்சைக் கேட்டிருந்தால் 1912இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் அந்த அம்மையார் பட்டம் பெற்றிருக்க முடியுமா? அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரிதான் இருந்திருக்குமா? பெண்ணுக்கு ஒரு பரீட்சையில் மார்க்கு குறைந்தது என்பது அவள் கழுத்தில் தாலி கட்டுவதற்குக் காரணமாகாது.

இனி அரசியல்வாதிகளைப் பற்றிக் கொஞ்சம். 2010இல் இந்தப் பரீட்சைக்கு முதல் அறிக்கை வந்தபோது டெல்லியில் காங்கிரஸ் சர்க்கார். நம் தமிழ்நாட்டுக் கட்சியாரும் அதில் பங்குதாரர்கள். 2016இல் சட்டத்தில் ஏற்றி வலுவாக்கினது பா.ஜ.க. சர்க்கார். தமிழ்நாட்டில் ஆட்சி செய்த கட்சியார் 2017இலும் விலக்கு வருகின்றது, வருகின்றது என்று கடைசி நாள் வரையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021இல் வந்த ஆட்சியார் செப்டம்பரில் மசோதா நிறைவேற்றினார்கள். 2022 பிப்ரவரியில் கவர்னர் திருப்பினார். அதே மாதம் மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். ஜனாதிபதி சம்மதம் கொடுக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் சொன்னார்கள். மசோதா போட்டது சரியே. இந்தப் பரீட்சை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் மேடையில் "அடுத்த வருஷம் நீட் இராது" என்று கைதட்டலுக்காகப் பேசுவதைக் கேட்டு, படிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் திகைத்த பிள்ளைகள் எத்தனை பேர்? ஜோசியன் "அடுத்த பெயர்ச்சியில் நல்லது நடக்கும்" என்று சொல்லுவதற்கும் இதற்கும் பேதம் இருக்க வேண்டாமா? கிளர்ச்சி செய்கின்றவன், கிளர்ச்சி ஜெயிக்க எத்தனை நாளாகும் என்று தனக்குத் தெரியாது என்பதையும் பிள்ளைகளிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரியலூர் ஜில்லா குழுமூர் அனிதாவை நாம் மறக்க முடியாது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மார்க்கு. பழைய முறை இருந்திருந்தால் வைத்தியக் கல்லூரியில் இடம் நிச்சயம். நீட்டில் வந்தது 86. சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் நின்ற பெண். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை விட்டாள். அதற்குப் பிறகும் வருஷா வருஷம் பிள்ளைகள் சாகின்றார்கள். நாம் ஊர்வலம் போகின்றோம், படத்துக்கு மாலை போடுகின்றோம், மண்டபத்துக்குப் பெயர் வைக்கின்றோம். இதில் நம் இயக்கத் தோழர்களையும் சேர்த்தே சொல்லுகின்றோம்: செத்த பிள்ளைக்கு மாலை போடுவதில் உள்ள உற்சாகம், முடிவு வந்த அன்று உயிரோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டுக்குப் போவதில் நமக்கு இருக்கின்றதா? செத்தால் தியாகி என்று பேசிப் பேசி, சாவை ஒரு பதில் போல அந்த இளம் மனதில் நாமே நட்டுவிடக்கூடாது. அந்தப் பெண் செத்ததால் சட்டம் மாறவில்லை. உயிரோடிருந்தால் இன்றைக்கு அவள் நம் மேடையில் நின்று, நம்மைவிட நன்றாக இந்த அநியாயத்தை எடுத்துச் சொல்லியிருப்பாள்.

வேறு சில பெரிய மனிதர்கள் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு கணித மேதை இராமானுஜத்தின் கதையைச் சொல்லுகின்றார்கள். உண்மைதான், கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதைப் படிக்காமல் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எப்.ஏ. பரீட்சை எழுதி 1906இலும் 1907இலும் தவறினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தாவானார். 1918இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அங்கத்தினரானார். (நாமகிரித் தாயார் கனவில் வந்து அவருக்குக் கணக்குச் சூத்திரம் சொல்லிக்கொடுத்தாள் என்கின்றார்கள். கணக்கைச் சொல்லிக் கொடுத்த தாயார், எப்.ஏ.க்கு வேண்டிய மற்றப் பாடங்களை ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை? அவற்றை அவளும் படிக்கவில்லை போலிருக்கின்றது!) ஆனால் இந்தக் கதையையும் நாம் முழுதும் ஒப்புக்கொள்ளுவதில்லை. தோற்ற பிள்ளையெல்லாம் இராமானுஜம் ஆகிக் காட்ட வேண்டும் என்பது இன்னொரு பரீட்சையை அதன் தலையில் ஏற்றுவதாகும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து ஓட்டுகின்றவனும், ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் பிட்டராயிருப்பவனும், ஆஸ்பத்திரியில் நர்சாயிருப்பவளும், இராமானுஜம் ஆகாமலே மானமுள்ள மனிதர்கள்தான். டாக்டர் ஆகாவிட்டால் மனிதனே அல்ல என்கின்ற எண்ணம், பூணூல் இல்லாவிட்டால் மனிதனே அல்ல என்பதன் தம்பிதான்.

ஆனால் வெறும் பேச்சில் வயிறு நிறையாது. செய்ய வேண்டியதைச் சொல்லுகின்றோம். பெற்றோர்கள் முடிவு வருமுன்பே பிள்ளையோடு உட்கார்ந்து, வராவிட்டால் அடுத்தது என்ன என்று பேசி முடித்துவிட வேண்டும். இது அபசகுனம் என்று பயப்படுகின்றார்கள். குடையை எடுத்துப் போனால் மழை வரும் என்று பயப்படுவது போன்றது இது. தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங், விவசாயம், கால்நடை வைத்தியம் ஆகிய சர்க்கார் இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கையே பார்க்கின்றார்கள், நீட் வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மனுப் போடும் கெடு நீட் முடிவுக்குக் காத்திருப்பதில்லை. 2025இல் இன்ஜினீயரிங் மனுவுக்குக் கெடு ஜூன் 6. நீட் முடிவு வந்ததோ ஜூன் 14. மனுவே போடாமல் டாக்டர் இடம் ஒன்றையே நம்பியிருந்து எட்டு நாளில் இரண்டையும் இழந்த வீடுகள் உண்டு. நம் படிப்பகத் தோழர்கள் மே மாதத்திலேயே வீடு வீடாகப் போய் இந்தத் தேதிகளைச் சொன்னால், ஒரு பொதுக்கூட்டம் போட்டதைவிட அதிகப் பலன் உண்டு. அம்பத்தூரில் சர்க்கார் ஐ.டி.ஐ. இருக்கின்றது, ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக் இருக்கின்றது என்பதையும் சொல்லி வைக்கலாம்.

மறுபடி ஒரு வருஷம் படிப்பதென்றால், அது பிள்ளையின் விருப்பமா, தகப்பனின் வீம்பா என்று பார்க்க வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். வேண்டும் என்றால், இத்தனை வருஷம், இவ்வளவு செலவு என்று முன்னாலேயே எல்லை கட்டிக்கொள்ள வேண்டும். வீட்டை அடமானம் வைத்துக் கொடுத்துவிட்டு, "உனக்காக வீட்டையே வைத்தேன்" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவது பிள்ளைக்குச் சோற்றில் மண்ணைப் போடுவதற்குச் சமம்.

முடிவு வந்த அன்று பிள்ளையைத் தனியே விடக்கூடாது. புத்தி சொல்லவும் வேண்டாம், அடுத்த வீட்டுப் பையன் கதையும் வேண்டாம். சாப்பாடு போட்டுப் பக்கத்தில் இருந்தால் போதும். மாமாவோ சித்தப்பாவோ போன் போட்டு மார்க்கு என்ன என்று கேட்டால், "பிள்ளை சௌக்கியமாக இருக்கிறான், வேறு என்ன சேதி?" என்று பேச்சை மாற்றுங்கள். அதற்கு மேலும் கேட்கின்றவர்களிடம் போனை வைத்துவிடுவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பிள்ளை இரண்டொரு நாளில் தேறாமல், தூங்காமல், சாவைப் பற்றிப் பேசினாலோ, எழுதி வைத்தாலோ, அதை மிரட்டல் என்று எண்ணிவிடாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். தமிழ்நாட்டு சர்க்காரின் சுகாதார உதவி எண் 104. மனக் கஷ்டத்துக்கென்றே உள்ள டெலி மானஸ் எண் 14416. இரண்டும் இராப்பகல் எந்நேரமும் உண்டு, காசில்லை, தமிழிலேயே பேசலாம். பெற்றோர்களும் தங்களுக்காகக் கூப்பிடலாம்.